ஐராவதத்தை ஐந்து அங்குலம் உயர்த்திய வரலாறு

அக்டோபர் 6, திங்கள்

சிப்பிவிளைக் கடற்கரை தொடங்கிப் பனைவிளைச் சந்தை வரையுள்ள பதினெட்டு கிலோமீட்டர் சாலையின் தனிப்பெரும் சக்கரவர்த்தியும், ஐராவதம் என்னும் வெள்ளைப் பிக்கப் வண்டியின் உரிமையாளனும், அதை ஓட்டுபவனும், வாரம் ஒரு முறை அதைக் கழுவுபவனுமாகிய கோயில்பிச்சை என்கிற நான், என் ஐம்பத்து நான்காம் வயதில், என் சகலப்பாடி சூசையின் மீது இன்று போர் தொடுக்கிறேன். இந்த நோட்டு அதற்குச் சாட்சி.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். பின்னால் சரித்திரம் எழுதுகிறவர்கள் திண்டாடக் கூடாது.

தினமும் காலை ஐந்து மணிக்குப் பதினோரு பெண்கள் மீன் நிரப்பிய அகன்ற சருவப் பாத்திரங்களோடு என் வண்டியில் ஏறுகிறார்கள். பனைவிளைச் சந்தையில் இறங்கி விற்கிறார்கள். வழியில் ஒரு சப்பாத்து இருக்கிறது. ஓடைக்குக் குறுக்கே தரையோடு தரையாகப் போட்ட பாலம்; மழை பெய்தால் பாலம் கீழே போய்விடும், ஓடை மேலே வந்துவிடும். போன கார்த்திகையில் வங்காள விரிகுடா முழுவதும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து அந்தச் சப்பாத்தின் மேல் குடியேறியது. ஐராவதம் திமிங்கலம் போல உள்ளே பாய்ந்தது. நடுவில் இஞ்சின் அணைந்தது. அவ்வளவுதான். இதில் யார் மேலும் தவறு கிடையாது. அந்தப் பெண்களில் மூத்தவளான லூர்தம்மாள் சித்தி தானாகக் குதித்து, பாசியில் வழுக்கி, வலது தோளைப் பிசகவைத்துக்கொண்டாள். வயசானவர்கள் அப்படிக் குதிக்கக் கூடாது என்று அப்போதே ஊர் முழுக்கச் சொன்னேன்.

இன்று காலை கரையில் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான பிரகாசி எல்லோர் சார்பிலும் அறிவித்தாள். பிரகாசியின் குரல் இலங்கை வரை கேட்கும். அங்கே சிலர் அவள் மீனுக்கு விலை கேட்பதாகவும் தகவல்.

"மழ வருது டிரைவரே. இந்த வருசமும் சப்பாத்துல வண்டிய நிப்பாட்டிப் போட்டா, மறுநாளே நாங்க சூசை வண்டிக்குப் போயிருவோம். பொறவு கூப்பிடப்படாது, பாத்துக்கோ."

சூசை தன் நீல வண்டியில் சாய்ந்து நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். அந்தப் பல்லில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். என்னைப் பார்த்துக் குத்தினான்.

முடிவு செய்துவிட்டேன். ஐராவதம் உயரப் போகிறது. வானம் கொஞ்சம் தள்ளிக்கொள்ளட்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றைய கப்பம்: அயிலை ஒன்று.

இதையும் விளக்க வேண்டும். சருவத்தைத் தலையிலிருந்து அப்படியே சரித்து, மூடிய பின்பலகையின் விளிம்பில் உட்கார வைப்பார்கள். உள்ளே நிற்பவள் இழுத்துக்கொள்வாள். யார் கையும் தேவையில்லை. சித்திக்கு மட்டும் தோள் சரியில்லாததால் ஒரு கை பிடித்துவிட வேண்டும். நான் பிடித்துவிடுகிறேன். உடனே சருவத்திலிருந்து ஒரு மீனை எடுத்து, பேசாமல், என் சீட்டில் வைத்துவிட்டுப் போகிறாள்.

தெரியாத ஆள் தூக்கிவிட்டால் அவனுக்கு ஒரு மீன் கொடுத்துக் கணக்கை முடிப்பது எங்கள் கரையில் வழக்கம். சொந்தக்காரன் தூக்கிவிட்டால் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அவன் சண்டைக்கு வருவான். லூர்தம்மாள் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. என்னை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவள். அப்படியிருந்தும் பதினொரு மாதமாக எனக்குத் தினம் ஒரு மீன் வருகிறது.

இதற்கு ஒரே விளக்கம்தான். ராஜ மரியாதை.

அக்டோபர் 8, புதன்

ஹமீது பாய் பட்டறை. பாய் ஐராவதத்தின் அடியில் படுத்துக்கொண்டே பேசினார். அவருடைய முகத்தை நான் வருடத்துக்கு இரண்டு முறைதான் பார்ப்பேன். மற்ற நாட்களில் அவர் எனக்கு இரண்டு பாதங்கள்.

"ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி. கமான் பட்டையில கை வைக்கலாம். இல்ல, பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவுல கட்ட வச்சுத் தூக்கலாம்."

கமான் என்பது வண்டியின் பாரத்தைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் முதுகெலும்பு தொண்டைக்கு வரும்.

"எது ஒசரம்?" என்றேன்.

"எதுக்கு ஏத்துதீங்கன்னு சொல்லுங்க. எத ஏத்தணும்னு நான் சொல்லுதேன்."

"சகலைக்காக."

"சகலைய எந்தப் பக்கம் மாட்டணும்?"

பாதங்கள் இரண்டும் சிரிப்பில் குலுங்கின. நான் சிரிக்கவில்லை. போர்க்காலத்தில் சிரிப்பதில்லை.

"சரி, போன வருசம் தண்ணியில செத்தது எது? இஞ்சினா, பின்னால சொம ஏத்துத தொட்டியா?"

"இஞ்சின்."

"அப்ப கமான்தான். அதுல ஒரு தடிச்ச பட்ட கூட்டுனா இஞ்சின், சேசிஸ், தொட்டி எல்லாம் சேந்து மேல போவும். கட்ட வச்சா கேபினும் தொட்டியும் மட்டுந்தான் ஒசரும். இஞ்சின் இருந்த எடத்துலயேதான் கெடக்கும். தலையில தொப்பி வச்சா காலு நனையாம இருக்குமா?"

"கமானுக்கு ஒரு கொறையும் இல்லையா?"

"இருக்கு. முதுவு இறுவிரும். குழியில போனா மீனு பறக்கும்."

பறக்கும் மீன். என் கொடியில் அதைச் சின்னமாகப் போடலாமா என்று யோசிக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

என் மனைவி ரெஜினாவும் சூசையின் மனைவியும் அக்கா தங்கை. ஆகவே என் படை ரகசியம் எதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் ரகசியமாக இருப்பதில்லை.

"என்ன சகல, வண்டிக்கு ஹை ஹீல்ஸ் வாங்கிக் குடுக்கப் போறீராமே?" என்றான் சூசை, கரையில், எல்லோரும் கேட்க.

"ஆமா. உன் வண்டி குனிஞ்சு எனக்கு அடியில போய்ட்டு வரணும்லா? இடிச்சுக்கிடக் கூடாதேன்னுதான்."

"ஒசரம் வண்டியில இருந்து என்னவே செய்ய? ஓட்டுதவன் மண்டையில இருக்கணும்."

"உன் மண்டையில இருக்கது ஒசரம் இல்லடே, காலியிடம்."

பிரகாசி இடையில் புகுந்து, "ரெண்டு பேரும் கட்டிப் பொரளுங்க, ஐஸ் உருகட்டும்" என்றாள். சித்தி வந்தாள். அயிலையை வைத்துவிட்டு ஏறினாள். இடது கையால் கம்பியைப் பிடித்து, வலது கையை மடியோடு ஒட்டிக்கொண்டு ஏறினாள். நான் தற்செயலாகக் கண்ணாடியில் பார்த்தேன்.

அக்டோபர் 11, சனி

பெரும் பரிசோதனை. பாய் பட்டறையில் கமான் ஏற்றிய வண்டி ஒன்றும், கட்டை வைத்த வண்டி ஒன்றும் நின்றன. இரண்டிலும் ஒரு சருவம் நிறையத் தண்ணீர் வைத்து ரயில்வே கேட் வரை ஓட்டிப் பார்த்தேன்.

கமான் வண்டி: ஒவ்வொரு குழியிலும் என்னைத் தூக்கிக் கூரைக்கு அறிமுகம் செய்து வைத்தது. திரும்பி வந்தபோது சருவத்தில் பாதித் தண்ணீர். மீதி என் பின்னங்கழுத்தில்.

கட்டை வண்டி: தண்ணீர் அவ்வளவாகச் சிந்தவில்லை. ஆனால் வளைவில் கல்யாண வீட்டில் அதிகம் சாப்பிட்டவன் போலச் சாய்ந்து யோசித்துத்தான் நிமிர்ந்தது.

ஒன்று தூக்கிப் போடுகிறது, மற்றது சாய்க்கிறது. பதினோரு உயிர் ஏறுகிற வண்டியைச் சாய விட முடியாது. அதுவும், தண்ணீரின் நடுவில் இஞ்சின் இன்னொரு முறை சாகக் கூடாது. அது மட்டும் கூடவே கூடாது. கமான் என்று முடிவு செய்தேன். மீன் பறந்தால் பிடித்துக்கொள்ளலாம்.

மதியச் சாப்பாட்டில் ரெஜினாவின் எதிர்ப்பு.

"அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"யாருகிட்ட?"

"ஏறப் போறவங்ககிட்ட. லூர்தம்மா சித்திகிட்ட."

"கமானப் பத்திச் சித்திக்கு என்ன தெரியும்?"

"அது தெரியாது. ஒங்களத் தெரியும்."

இது எந்த ரகப் பேச்சு என்று எனக்கு விளங்கவில்லை. குழம்பில் உப்பும் கூடுதல்.

அக்டோபர் 14, செவ்வாய்

பின் கமானில் ஒரு தடித்த பட்டை, முன்பக்கம் அதற்குச் சமமான வேலை. ஐராவதம் இரண்டு அங்குலம் உயர்ந்தது. இறங்கி நின்று பார்த்தபோது எனக்குக் கழுத்து வலித்தது.

கரைக்குப் போனேன். பெண்கள் கொஞ்சம் எக்கினார்கள், சமாளித்தார்கள். சித்தியின் சருவத்தை நான் கூடுதலாக அழுத்திப் பிடித்துத் தள்ளினேன். கப்பம் வந்தது. எல்லாம் நலம்.

அப்போது சூசை வந்து, என் பின்பலகைக்கும் அவன் பின்பலகைக்கும் நடுவே விரலை வைத்து அளந்தான்.

"ரெண்டு விரக்கடை! கொசு கடிச்சா இதுக்கு மேல வீங்குமே சகல."

பதினோரு பெண்களும் சிரித்தார்கள். வலைக்காரர்கள் சிரித்தார்கள். காக்கைகள் சிரித்தன. ஒரு நண்டு வளையிலிருந்து தலையை நீட்டிச் சிரித்துவிட்டு உள்ளே போனதை என் கண்ணால் பார்த்தேன்.

சந்தையிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். "பாய், கட்டையும் வையும்."

பாய் முதன்முறையாக வெளியே வந்து முகத்தைக் காட்டினார். "ரெண்டுமா? வேண்டாம் அண்ணாச்சி. தேவ என்னவோ அது கமானோட முடிஞ்சிபோச்சி."

"இது தேவ இல்ல பாய். மானம்."

"மானத்துக்கு எத்தன அங்குலம் வேணும்?"

"மூணு."

அக்டோபர் 16, வியாழன்

முடிந்தது. மொத்தம் ஐந்து அங்குலம்.

திரும்பி வரும் வழியில் மேகம் ஒன்று முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. வைப்பர் போட்டுத் தள்ளினேன். தூத்துக்குடிக்குப் போன விமானம் பின்னால் நின்று ஹாரன் அடித்தது. நான் வழி விடவில்லை.

நாளைக் காலை சூசைக்கு நெஞ்சு வலி வரும். ஆண்டவர் அவனைக் காப்பாற்றட்டும். ஆனால் அவசரம் வேண்டாம்.

அக்டோபர் 17, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு ஐராவதத்தைக் கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். யாரும் கை தட்டவில்லை. பதினோரு பேரும் தலையில் சருவத்தோடு நின்று பின்பலகையை அண்ணாந்து பார்த்தார்கள்.

பிரகாசி முதலில் வந்தாள். சருவத்தைச் சரித்தாள். விளிம்பு எட்டவில்லை. இரண்டு கையாலும் தூக்கி எக்கியதில் ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் அவள் தலையில், முகத்தில், சட்டைக்குள் கொட்டின.

"ஏ டிரைவரு! இது வண்டியா மச்சு வீடா? ஏணி எங்கவே?"

"ஒரு நாளு ரெண்டு நாளு, பழகிரும்" என்றேன்.

"நீ வந்து இத தலையில வச்சிப் பழகு பாப்போம்!"

அடுத்தது சித்தி. நான் ஓடிப்போய்க் கை கொடுத்தேன். அவள் என் கையைப் பார்த்தாள், எடு என்பது போல. எடுத்தேன். தானே சரித்தாள். வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. சருவம் பலகையில் இடித்து நின்றது. சாளை மீன்கள் ஒவ்வொன்றாக மணலில் விழுந்தன. அவள் முகம் சுருங்கியது. ஆனால் சத்தம் வரவில்லை. சத்தம் வந்திருக்கலாம்.

சருவத்தை மணலில் இறக்கிவைத்தாள். விழுந்த மீன்களைப் பொறுக்கினாள். என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"போன வருசம் எறங்க வச்சாரு. இந்த வருசம் ஏற விடல. டிரைவரு கெட்டிக்காரரு."

சூசை தன் பின்பலகையைத் தட்டினான். "வாங்க, வாங்க. நம்மது தாழ்ந்த சாதி வண்டி. எல்லாரும் ஏறலாம்."

பதினோரு பேரும் அங்கே போனார்கள். பிரகாசி மட்டும் திரும்பி நின்று, "அந்த ஒசரத்துல இருந்து எங்களத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

அக்டோபர் 18, சனி

இன்று ஐராவதம் ஏற்றிச் சென்ற சுமை: நான்.

அக்டோபர் 20, திங்கள்

இரண்டு நாளாகச் செங்கல், சிமெண்டு, ஒரு பீரோ. செங்கல் எதிர்த்துப் பேசுவதில்லை. நல்ல பிரஜைகள்.

வீட்டில் விசாரணைக் கமிஷன். நீதிபதி: ரெஜினா. வக்கீல்: ரெஜினா. சாட்சி: ரெஜினா. குற்றவாளிக்கு ரசம் மட்டும்.

"போன வருசம் சப்பாத்துல தண்ணி ஓடுது, மேலச்சால வழியா சுத்திப் போயிருவோம்னு சொன்னது யாரு?"

"பலரும் பலது சொன்னாங்க."

"சித்தி சொன்னா. பதினோரு கிலோமீட்டரு கூட, அவ்வளவுதான், போவோம் பிச்சன்னு சொன்னா. கேக்காம தண்ணிக்குள்ள விட்டது யாரு?"

"அது ஒரு வீர முடிவு."

"இஞ்சின் நின்னதும், எல்லாரும் எறங்கித் தள்ளுங்கன்னு சொன்னது யாரு?"

ரசத்தில் மிளகு அதிகம். இருமினேன்.

"அவ குதிக்கலங்க. நீங்க எறக்கிவிட்டீங்க. தள்ளும்போதுதான் விழுந்தா. அதுக்குப் பொறவு, கெழவி பயந்து குதிச்சிட்டான்னு ஊரெல்லாம் சொன்னீங்க. அவளும் கேட்டுக்கிட்டுதான் இருக்கா."

கமிஷன் கலைந்தது. தீர்ப்பு எழுத்தில் வரவில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

பாயிடம் டேப் இரவல் வாங்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். முற்றிலும் தொழில்நுட்பப் பயணம்.

வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. நானும் அவசரமாக வந்ததாகக் காட்டிக்கொண்டேன்.

"என்ன டிரைவரே, கையில டேப்பு? சட்ட தைக்கப் போறீரா?"

"இல்ல சித்தி. ஒங்க தோளு எவ்வளவு ஒசரம்னு…"

"எந்தத் தோளு? நல்லதா, நீரு கெடுத்ததா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஐம்பது பதில் இருந்தது. டேப்பைச் சுருட்டினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆனால் கோயில்பிச்சையை யாரும் வெறுங்கையோடு அனுப்ப முடியாது. அவள் நின்றபோது தோள் சரியாகக் கதவின் தாழ்ப்பாளுக்கு நேராக இருந்ததைக் கவனித்திருந்தேன். அங்கும் இங்கும் பார்த்துவிட்டுத் தரையிலிருந்து தாழ்ப்பாளை அளந்தேன். நாலடி. எதிர் வீட்டு ஆடு ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு என்ன தோன்றியதோ.

வந்து ஐராவதத்தை அளந்தேன். பின்பலகை விளிம்பு நாலடி ஐந்து அங்குலம். கட்டையைக் கழற்றினால் நாலடி இரண்டு. கமானையும் பழையபடி மாற்றினால் நாலடி.

அதாவது, ஆண்டவர் அனுப்பியபோதே வண்டி சரியான உயரத்தில்தான் இருந்திருக்கிறது. இதைப் பாயிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போதைய சிக்கல்.

அக்டோபர் 23, வியாழன்

"கட்டையக் கழட்டணுமா?" பாதங்கள் கேட்டன.

"ஆமா."

"கமானு?"

"அதையும்."

பாதங்கள் இரண்டும் ஒன்றையொன்று சொறிந்துகொண்டன. பிறகு, "மானத்த எங்க வைக்க அண்ணாச்சி? அந்த மூலையில போடவா?"

"போடும்."

"அப்ப சப்பாத்துத் தண்ணிக்கு என்ன செய்வீரு?"

"வேற ஒரு கடல் வழி கண்டுபிடிச்சிருக்கேன்."

அக்டோபர் 25, சனி

என்னிடமிருந்து கழற்றிய கட்டைகளைச் சூசை வாங்கி, தன் நீலக் கழுதைக்கு அடியில் வைத்துக்கொண்டான். கமான் வேண்டாமாம், உயரமாகத் தெரிந்தால் போதுமாம். நான் உயர்ந்த ஒரு வாரமும் அவன் தூங்கவில்லை என்று அவன் மனைவி ரெஜினாவிடம் சொன்னாளாம்.

அவனை யாராவது தடுத்திருக்கலாம். நான் தடுக்கவில்லை. எதிரியின் தவறில் குறுக்கிடுவது அநாகரிகம்.

அக்டோபர் 27, திங்கள்

மழை. வானம் ஓட்டையாகி, அந்த ஓட்டைக்குள் இன்னொரு வானம் இருந்து, அதுவும் ஓட்டையாகியது. சப்பாத்தின் மேல் முழங்கால் தண்ணீர்.

கரையில் இரண்டு வண்டிகள். சூசையுடையது உயரம். பெண்கள் இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டு நின்றார்கள்.

"ஏறுங்க! அஞ்சு நிமிசத்துல சப்பாத்தத் தாண்டிரலாம்" என்றான் சூசை. "தொட்டி எம்புட்டு ஒசரம் பாருங்க!"

"இஞ்சின் ஒசந்திருக்கா?" என்றேன்.

"உம்ம வண்டிய யாருவே கூப்பிட்டா? உம்மது நேத்து ஒசந்து இன்னைக்குக் குள்ளமான வண்டி. காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு."

"நான் மேலச்சால வழியா போறேன்" என்றேன். "பதினோரு கிலோமீட்டரு சுத்து. ஐஸ் கூடுதலா ஏத்தியிருக்கு. ஏறுதவங்க ஏறலாம்."

யாரும் அசையவில்லை. சித்தி சாக்கை விலக்கிப் பார்த்தாள். "இந்த வழிய இதுக்கு முன்னால யாரும் சொல்லலியோ டிரைவரே?"

அந்த இடத்தில் நான் சில அரச வார்த்தைகள் பேசினேன். மெதுவாகத்தான் பேசினேன். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நம்பினேன். ஆனால் பிரகாசி பக்கத்தில் நின்றுவிட்டாள். பின்னால் நின்றவர்களுக்கு அவள் ஒவ்வொன்றாக அஞ்சல் செய்தாள்.

"சித்தி சொல்லிச்சாம்! இவன்தான் கேக்கலியாம்!"

"ஆங்?"

"சித்தி குதிக்கலியாம்! இவன்தான் எறக்கித் தள்ளச் சொன்னானாம்! ஊர்ல சொன்னது பொய்யாம்!"

இலங்கைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

சித்தி சாக்கைத் தலையிலிருந்து எடுத்தாள். மழைத் தண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது. "இத போன வருசமே சொல்லியிருந்தா இம்புட்டு இரும்பு மாட்டிக் கழட்டியிருக்க வேண்டாம்" என்றாள். வந்து, சருவத்தைச் சரித்தாள். விளிம்பு அவள் தோளுக்கு நேராக இருந்தது. நான் ஒரு கை கொடுத்தேன். தடுக்கவில்லை. சருவம் உட்கார்ந்தது. மற்றப் பத்தும் பின்னால் வந்தன.

பிறகு முன்பக்கம் வந்து, ஒரு சாளையை எடுத்து என் சீட்டில் வைத்தாள். பேசாமல்.

மேலச்சாலையில் போகும்போது பாயிடமிருந்து போன். சூசை காலி வண்டியைச் சப்பாத்தில் விட்டுக் காட்டியிருக்கிறான். நடுவில் நிற்கிறானாம். தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையாம். இஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்ததாம்.

"கயிறு எடுத்துக்கிட்டு உடனே போம் பாய்" என்றேன்.

"சகலை மேல அம்புட்டுப் பாசமா?"

"பாசமில்ல. தண்ணியில ஊறுனா நாறும்."

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. மேலச்சாலை. கப்பம்: சாளை, சின்னது.

அக்டோபர் 30, வியாழன்

மழை. மேலச்சாலை. சூசை கட்டைகளைக் கழற்றிவிட்டான். அவற்றை நானே வேண்டுமென்று கழற்றி அவனிடம் மாட்டிவிட்டேன் என்று ஊரில் சொல்லித் திரிகிறான். அப்படி ஒரு அறிவு எனக்கு இருப்பதாக அவன் நம்புவது பெருமைதான். எதிரே வந்தபோது கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். நானும் ஏற்றிக்கொண்டேன். என் கண்ணாடி பாதியில் நின்றுவிடும். மீதியை முறைத்து நிரப்பினேன்.

கப்பம்: காரல் ஒன்று. முள்.

அக்டோபர் 31, வெள்ளி

கப்பம் வேண்டாம் சித்தி என்று இன்று சொல்லிப் பார்த்தேன். காது கேட்காதது போல வைத்துவிட்டுப் போனாள். அயிலை. ரெஜினா அதைப் பொரித்தாள். நான் மோர் விட்டுச் சாப்பிட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

மழை விட்டு வெயில். சப்பாத்தில் கணுக்கால் தண்ணீர்தான்; போகலாம். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று மேலச்சாலை வழியாகத்தான் போவதாக அறிவித்தேன். பிரகாசி, "நீ காசிக்கே போ, ஐஸ் இருந்தாப் போதும்" என்றாள்.

சித்தியின் சருவத்துக்குக் கை கொடுத்தேன். அவள் ஏறினாள். நான் சீட்டுக்கு வந்தேன். சீட்டில் ஒன்றுமில்லை. கீழே பார்த்தேன். டேஷ்போர்டில் பார்த்தேன். பிரேக்குக்கு அடியில் பார்த்தேன். இறங்கிப்போய் மணலிலும் பார்த்தேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏலே பிச்ச, என்னத்தத் தேடுத? வண்டிய எடு."

எடுத்தேன்.

இன்று கப்பம் வரவில்லை. மதியம் மீன் இல்லாமல் வெறும் ரசம். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.